ஆய்வேடு ஒரு பக்கம், ஆய்வாளர் ஒரு பக்கம்: ஆய்வுப் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்கோ ஆய்வுவழி முதுகலைக்கோ சேர்ந்த முதல் மாதத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன தலைப்பு?" பட்டம் வாங்கி வெளியே வந்தபின் அந்தக் கேள்வி மெல்ல மறைந்துவிடும். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் ஆய்வேட்டைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பழக்கமில்லாத ஒரு சிக்கலைக் கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள், உங்கள் முடிவு தப்பு என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள், உங்கள் துறை தெரியாத ஐந்து பேரோடு எப்படி வேலை பார்ப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள்.

எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். 'குழுவாக வேலை செய்த அனுபவம் ஒன்றை விவரிக்கவும்' என்று அதில் ஒரு கட்டம். ஆண்டுக்கணக்கில் அதைத்தான் செய்திருந்தேன். ஆனால் எப்போது, யாரோடு, என்ன சிக்கல், எப்படித் தீர்ந்தது என்று எதையும் குறித்து வைக்கவில்லை. ஒரு மாலை முழுக்கப் பழைய மின்னஞ்சல்களைக் கிளறியும் உருப்படியாக இரண்டு வரி தேறவில்லை. அதனால்தான் இங்கே ஒவ்வொரு படியிலும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: எதிர்பார்க்கப்படும் திறன் எதுவோ, அது உங்களுக்கு வந்துவிட்டது என்பதற்கான தடயம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதல் படி: எதிர்பார்ப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பட்டதாரிகளிடம் எதிர்பார்க்கும் பண்புகளைப் பட்டியலாக வெளியிட்டிருக்கும். சேர்க்கைக் கையேட்டிலோ ஆய்வு விதிமுறைகளின் பின்னிணைப்பிலோ கிடக்கும். யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள், நீங்கள்தான் தேட வேண்டும். முதல் வாரத்திலேயே எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போல இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் 'டப்ளின் வரையறைகள்' என்று ஒரு தொகுப்பு 2000-களின் முதல் பாதியில் உருவாயிற்று. முனைவர் பட்டம் பெறுபவரிடம் அது கேட்பவற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: தன் துறையை முறையாக அறிந்து, அதன் ஆய்வு முறைகளில் தேர்ந்திருக்க வேண்டும். பெரிய ஆய்வு ஒன்றைத் தானே வகுத்து, நடத்தி, தேவைப்பட்டால் மாற்றியமைக்கத் தெரிய வேண்டும். அறிவின் எல்லையைக் கொஞ்சமாவது நகர்த்தும் சொந்தப் பங்களிப்பு வேண்டும், அதில் ஒரு பகுதியாவது மதிப்பாய்வுள்ள வெளியீட்டுக்குத் தகுதியாக இருக்க வேண்டும். புதிய, சிக்கலான கருத்துகளை எடைபோடத் தெரிய வேண்டும். சக ஆய்வாளரிடமும் பொதுச் சமூகத்திடமும் பேசத் தெரிய வேண்டும். கடைசியாக, தொழில்நுட்பமோ சமூகமோ பண்பாடோ முன்னேறத் துணை செய்பவராக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் இந்தப் பேச்சு வேறொரு திசையிலிருந்து வந்தது. சர் கேரத் ராபர்ட்ஸ் தலைமையில் 2002-இல் வெளியான அறிக்கை, அறிவியல் முனைவர்கள் பெறும் பயிற்சிக்கும் வேலை கொடுப்பவர்களின் தேவைக்கும் பொருத்தம் போதவில்லை என்று சுட்டிக்காட்டியது. ஆண்டுக்கு இரண்டு வாரமாவது பொதுத்திறன் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. பின்னர் 2010-இல் அங்கே வந்த ஆய்வாளர் வளர்ச்சிக் கட்டமைப்பு நான்கு பெரும் பிரிவுகள், 12 உட்பிரிவுகள், 63 விளக்கங்கள் என்று விரிந்தது. 63-ஐப் பார்த்து மிரள வேண்டாம். அது அகராதி மாதிரி, முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அறிவும் அறிவுத்திறனும், தன்னை நடத்திக்கொள்ளும் விதம், ஆய்வு நெறியும் நிர்வாகமும், பிறரோடு ஈடுபாடும் தாக்கமும் என்ற நான்கு தலைப்புகளை நினைவில் வைத்தால் போதும்.

ஆய்வுவழி முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எதிர்பார்ப்பில் வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியத் தகுதிக் கட்டமைப்பில் முதுகலை 9-ஆம் நிலை, முனைவர் பட்டம் 10-ஆம் நிலை. ஐரோப்பியக் கட்டமைப்பில் 7, 8. எண்கள் எப்படி இருந்தாலும் சாரம் இதுதான்: முதுகலையில் ஏற்கெனவே உள்ள முறைகளைச் சரியாகக் கையாண்டு ஓர் ஆய்வை ஒழுங்காக முடித்துக் காட்டினால் போதும். முனைவர் பட்டத்தில் அதற்கு மேல், இதுவரை இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்க வேண்டும். முதுகலையில் சேர்ந்துவிட்டு 'உலகையே புரட்டும் கண்டுபிடிப்பு' என்று தூக்கம் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அதை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

ஆய்வுக் குறிப்பேடு வேறு, இது வேறு. இதில் மூன்று பத்தி போதும்: திறன், நிகழ்வு, தேதி. முதல் பத்தியில் உங்கள் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள சொல்லையே எழுதுங்கள். இரண்டாவதில் நடந்ததை எழுதுங்கள். 'தகவல் தொடர்புத் திறன் உண்டு' என்று எழுதுவது வீண். 'கருத்தரங்கில் பதினைந்து நிமிடம் பேசினேன். மாதிரி அளவு போதாது என்று ஒருவர் கேட்டார். அங்கேயே ஒப்புக்கொண்டு, மறு வாரம் கணக்கைத் திருத்தி அவருக்கு அனுப்பினேன்' என்று எழுதினால் அது தடயம். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கினால் ஆகிவிடும் வேலை. தோற்றவற்றையும் எழுதுங்கள். நேர்காணல்களில் அதிகம் கைகொடுப்பது அவைதான்.

மூன்றாம் படி: படிக்கும் விதத்தை மாற்றுங்கள்

'திறனாய்வு நோக்கு' என்று எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைக் குறை கண்டுபிடிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது நூற்றைம்பது கட்டுரைகளைச் சுருக்கி அடுக்குவது என்று. இரண்டும் இல்லை. ஒரு முடிவு எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்று தோண்டிப் பார்க்கிற பழக்கத்துக்குத்தான் அந்தப் பெயர்.

2013-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவருக்கு வகுப்புப் பயிற்சியாக ஒரு வேலை: வெளியான கட்டுரை ஒன்றின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. அவர் எடுத்தது கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பெரும் பொருளியலாளர்கள் 2010-இல் எழுதியது. அரசுக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்ற கருத்துக்கு உலகெங்கும் அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டிய கட்டுரை அது. ஹெர்ண்டன் எத்தனை முறை போட்டும் கணக்கு ஒத்து வரவில்லை. தன்மேல்தான் தப்பு என்று நினைத்து, கடைசியில் ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டார். அவர்களும் அனுப்பினார்கள். பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும்கூட முடிவை மாற்றியிருந்தன. மைனஸ் 0.1 சதவீதம் என்று கட்டுரை சொன்ன சராசரி வளர்ச்சி, ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்களும் போட்ட கணக்கில் 2.2 சதவீதமாக வந்தது. மூல ஆசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் தங்கள் அடிப்படை வாதத்தைக் கைவிடவில்லை.

இதில் நான் கவனிப்பது பிழையை மட்டும் இல்லை. ஹெர்ண்டன் முதலில் தன்னைச் சந்தேகித்தார், அப்புறம் கேட்டார். அவர்களும் கோப்பை மறைக்காமல் கொடுத்தார்கள். ஒரு ஆய்வாளரிடம் எதிர்பார்க்கும் பாதிக் குணங்கள் இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கின்றன.

ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் இதைச் செய்து பாருங்கள்: உங்கள் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு அட்டவணையை நீங்களே திரும்ப உருவாக்குங்கள். இலக்கியம், வரலாறு என்றால் ஒரே ஒரு மேற்கோளை மூல நூல்வரை துரத்திப் போங்கள். எத்தனை பேர் மூலத்தைப் பார்க்காமலே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பது தெரியவரும், கொஞ்சம் அதிர்ச்சியாகவும் இருக்கும்.

நான்காம் படி: தரவோடு பழகுங்கள்

இதற்கு மற்ற எதையும்விட அதிக நேரம் கொடுங்கள் என்பேன்.

ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, ரேடியோ தொலைநோக்கி ஒன்றைக் கட்டுவதிலேயே அவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயின. 1967 கோடையில் கருவி ஓடத் தொடங்கியதும், நாளுக்குச் சுமார் நூறு அடி நீளக் காகிதத்தில் பேனா கோடு கிழித்துக்கொண்டே போகும். அதைக் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது அவர் வேலை. அந்தக் கோட்டில் கால் அங்குல அளவுக்கு ஒரு கிறுக்கல். பூமியிலிருந்து வரும் குறுக்கீடு போலவும் இல்லை, அவர் தேடிய விண்பொருள் போலவும் இல்லை. வானத்தின் அதே பகுதியிலிருந்து அது முன்பும் வந்திருக்கிறது என்று அவருக்கு நினைவு வந்தது. பழைய காகிதச் சுருள்களைப் புரட்டினார், இருந்தது. நவம்பரில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு என்று தெளிவாயிற்று. மனிதர் உண்டாக்கிய சமிக்ஞையாக இருக்கும் என்றுதான் நெறியாளர் ஆன்டனி ஹியூவிஷ் முதலில் நினைத்தார். வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பையும் பெல் கண்டுபிடித்தபின் சந்தேகம் விலகியது. பல்சார்கள், அதாவது சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகள் வந்துசேரும் சுழலும் விண்மீன்கள், உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு வேறு, பல்சார் அதில் பின்னிணைப்பாகத்தான் வந்தது. 1974-இல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்கு இல்லை. அந்த வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை.

'கூர்ந்து நோக்கும் திறன்' என்று பட்டியலில் ஒரு வரி வருமே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். கிறுக்கலைக் கவனிப்பதற்கு, கிறுக்கல் இல்லாத நூற்றுக்கணக்கான அடிகளை முதலில் பார்த்திருக்க வேண்டும். தரவை மென்பொருளிடம் கொடுத்துச் சராசரியை மட்டும் வாங்கிக்கொள்கிறவர் கண்ணில் அது படாது. நேர்காணல்களை எழுத்தாக்கும் வேலையை வெளியே கொடுத்துவிடுகிற சமூகவியல் மாணவருக்கும் இதே கதைதான். தொடக்கத்தில் சிலவற்றையாவது நீங்களே செய்யுங்கள்.

அப்புறம் தரவைப் பாதுகாக்கும் ஒழுங்கு. அலுப்பான விஷயம்தான். ஆனாலும் 'இறுதி', 'இறுதி_புதியது', 'உண்மையான இறுதி' என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்காதீர்கள், தேதியைப் பெயரின் முன்னால் போடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதியைப் பின்பற்றுங்கள். மூலத் தரவைத் தொடவே தொடாதீர்கள், பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். எந்த மாற்றத்தை ஏன் செய்தீர்கள் என்று ஒரு உரைக் கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் (பெரும்பாலும் அது நீங்களேதான்) அதை மட்டும் பார்த்து முடிவுவரை வந்துவிட முடிந்தால், உங்கள் வேலை சரியான பாதையில் போகிறது.

ஐந்தாம் படி: நெறிமுறையை முன்கூட்டியே பேசிவிடுங்கள்

கருத்துத் திருட்டு கூடாது, தரவைப் புனையக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மனிதர்களைப் பற்றிய ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்முன் ஒரு கேள்வித்தாளைக்கூட வெளியே விடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையாவது பயன்படுத்தினால் உங்கள் நிறுவனத்தின் விதியைப் பார்த்து, எங்கே, எதற்கு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பலர் சிக்குவது கட்டுரையில் யார் பெயர் வரும் என்ற இடத்தில்தான். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுப்பதிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்திருந்தால்தான் ஆசிரியர். ஆய்வகத்துக்கு இடம் கொடுத்ததற்காகப் பெயர் சேர்ப்பதற்கு இதில் வழியில்லை. பங்களிப்புகளை 14 வகையாகப் பிரித்து யார் எதைச் செய்தார் என்று அச்சிடும் முறையையும் இப்போது பல இதழ்கள் பின்பற்றுகின்றன. அந்த 14 வகைகளை எடுத்துவைத்துக்கொண்டு, எழுதத் தொடங்கும் முன்பே நெறியாளரோடும் சகாக்களோடும் பேசிவிடுங்கள். "சார், இதில் யார் யார் பெயர் வரும்னு இப்பவே குறிச்சுக்கலாமா?" என்று கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். கட்டுரை முடிந்தபின் கேட்டால் அந்தச் சங்கடம் சண்டையாகிவிடும்.

ஆறாம் படி: மூன்று வகைக் காதுகளுக்குப் பேசிப் பழகுங்கள்

உங்கள் துறைக்காரர், பக்கத்துத் துறைக்காரர், துறையே தெரியாதவர். மூவருக்கும் ஒரே விஷயத்தை வேறு வேறாகச் சொல்லத் தெரிய வேண்டும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஒரே ஒரு அசையாத படம், மூன்று நிமிடம், அவ்வளவுதான். போட்டிக்குப் போகாவிட்டாலும் வீட்டில் ஒருவரை உட்காரவைத்துச் செய்து பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "சரி, அதனால என்ன?" என்பதாக இருக்கும். அதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் ஆய்வேட்டின் முன்னுரையிலும் அது இருக்காது.

எழுத்தைப் பொறுத்தவரை, எழுதுவதைவிடத் திருத்தம் வாங்கிக்கொள்வது கடினமான திறன். இதழிலிருந்து மதிப்பாய்வாளரின் குறிப்புகள் வந்ததும் ஒருமுறை படித்துவிட்டு, இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டு, எதை ஏற்றீர்கள், எங்கே மாற்றினீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பதில் எழுதுங்கள். ஏற்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் மட்டும் வேண்டும். அந்தப் பதில் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். விமர்சனத்தை எப்படி எதிர்கொள்வீர்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது.

கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில், நூற்றாண்டுகளாக யாரும் நிறுவ முடியாமல் கிடந்த ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்துக்கு நிறுவல் கண்டுவிட்டதாகக் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். உலகமே கொண்டாடியது. மதிப்பாய்வின்போது அதில் ஓர் ஓட்டை தெரியவந்தது. ஓராண்டுக்கு மேல் போராடி, தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 1994 செப்டம்பரில்தான் அதை அடைத்தார். அவருக்கே அப்படி என்றால் நமக்கு வரும் சிவப்பு மையைப் பற்றி ரொம்பவும் வருத்தப்பட வேண்டியதில்லை.

ஏழாம் படி: நெறியாளரை நீங்கள் நடத்துங்கள்

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் திட்ட மேலாண்மை என்று பட்டியல் சொல்வதில் பாதி இதுதான். சந்திப்புக்கு முந்தைய நாள் ஒரு பக்கத்தில், என்ன முடிந்தது, எங்கே நிற்கிறேன், எதை முடிவு செய்ய வேண்டும் என்று அனுப்புங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதை ஐந்து வரியில் மின்னஞ்சலாக எழுதுங்கள். நெறியாளர் மனம் மாறினாலும், மறந்தாலும், வேறு ஊருக்கு மாறிப்போனாலும் அந்த மின்னஞ்சல்கள் இருக்கும். முதல் ஆண்டில் அவர் சொல்வதை நீங்கள் செய்வீர்கள். கடைசி ஆண்டில் நீங்கள் சொல்வதை அவர் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். இந்தத் திருப்பம் நடந்திருக்கிறதா என்பதைத்தான் 'தற்சார்பு' என்ற சொல்லால் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள்.

எட்டாம் படி: 'தெரியாது' என்று சொல்லப் பழகுங்கள்

இது எந்தப் பட்டியலிலும் சரியாக எழுதப்படவில்லை என்பது என் குறை. வாய்மொழித் தேர்வில் தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பதில் தெரியாததால் தடுமாறுவதில்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டப் போய்த்தான் சிக்குவார்கள். "அதை நான் சோதிக்கவில்லை. சோதிப்பதாக இருந்தால் இந்த வழியில் போவேன். இந்த முடிவு வந்தால் என் வாதத்தில் இந்தப் பகுதி பலவீனமாகும்" என்று சொல்லிப் பாருங்கள். தேர்வாளர் முகம் மாறுவது தெரியும். நாலு பேர் இருக்கும் வாராந்திரக் கூட்டத்தில் இதைச் சொல்லத் தொடங்கினால், தேர்வு நாளில் நாக்கு தானாக வரும்.

கடைசி ஆண்டில்: மொழிபெயர்ப்பு வேலை

கல்வித்துறைக்கு வெளியே வேலை தேடினால், நோட்டுப் புத்தகத்தில் உள்ளதை வெளியுலகச் சொல்லுக்கு மாற்ற வேண்டும். 'இலக்கிய மீளாய்வு செய்தேன்' என்றால் அவர்களுக்குப் புரியாது. 'முரண்பட்ட இருநூறு ஆவணங்களைப் படித்து, எதை நம்பலாம் என்று நான்கு மாதத்தில் அறிக்கை கொடுத்தேன்' என்றால் புரியும். 'களப்பணி' என்பதை 'முன்பின் அறியாத நாற்பது பேரின் நம்பிக்கையைப் பெற்றுத் தகவல் திரட்டினேன்' என்று எழுதலாம். 'சோதனை மூன்று முறை தோற்றது' என்பதை, எப்போது அந்த வழியை விட்டுவிட முடிவு செய்தீர்கள், எதன் அடிப்படையில் என்று எழுதலாம். எண்ணும் காலமும் உங்கள் குறிப்பில் உள்ளபடியே இருக்கட்டும், பெருக்கிச் சொல்லாதீர்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஒரு துணைக்கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும் அந்த நோட்டிலிருந்து மூன்று நிகழ்வுகளைத் தேதியோடு ஒரே பக்கத்தில் எழுதி, விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நெறியாளருக்கு உங்களைப் பிடிக்கும், ஆனால் இரண்டாம் ஆண்டு மார்ச்சில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவருக்கு நினைவிருக்காது. கெடுவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.